பட்டியும் பட்டினமும் – 12: பின்னங்கால் விழுந்த ஆடுகள்

நோய் கண்ட உருப்படியைப் பிரித்துக் கட்டு, பட்டியை நகர்த்தாதே, அதிகாரிக்கு அறிவி. இலங்கையில் 1909ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கமாக வந்த கால்நடைத் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டத்தின் உயிர் இந்த மூன்று கட்டளைகளில்தான் இருந்தது. 1992இல் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் வரும்வரை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் பட்டிக்காரரும் விதானைமாரும் மிருக வைத்தியர்களும் அந்த வழியில்தான் நடந்தார்கள். சென்ற இதழில் பார்த்த வெக்கை நோய்க்கு அது சரியான வழி. 1946க்குப் பிறகு இந்தத் தீவில் இல்லாதிருந்த வெக்கை நோய், 1987இல் இந்திய அமைதிப்படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் உள்ளே வந்தது. அப்போதும் தடுப்பூசியும் நடமாட்டக் கட்டுப்பாடும்தான் அதை அடக்கின. 1994க்குப் பிறகு அது இங்கே தலைகாட்டவில்லை. நோயாளி விலங்கிடமிருந்துதான் நோய் பரவுகிறது என்ற கணக்கு அங்கே பிழைக்கவில்லை.

இந்த இதழில் சொல்லப்போகும் நோய்க்கு அந்தச் சட்டத்தில் விடை கிடையாது. இதில் விழுந்து கிடக்கும் ஆட்டிடமிருந்து இன்னொரு ஆட்டுக்கு நோய் போவதே இல்லை. அதைப் பிரித்துக் கட்டினாலும் மந்தைக்குள் விட்டாலும் ஒன்றுதான். நோயின் ஊற்று வேறொருவர் பட்டியில், கொழுகொழுவென்று, எந்தக் குறையும் இல்லாமல் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. கடைசி முடிச்சு அவிழ்ந்தது இலங்கையில்.

அதற்கு முன், சட்டம் வென்ற இடத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். செம்மறி வளர்க்கும் நாடுகளை நூற்றாண்டுக் கணக்கில் அலைக்கழித்த ஒட்டுண்ணி நோய் செம்மறிச் சொறி. சோரோப்டிஸ் என்ற கண்ணுக்கு அரிதாகவே தெரியும் உண்ணி, மயிருக்கடியில் தோலின் மேலேயே குடியிருந்து பெருகும். அரிப்புத் தாங்காமல் ஆடு வேலியிலும் மரத்திலும் உராய்ந்து உராய்ந்து மயிர் கொட்டி, உடல் வற்றிப் போகும். அது உராய்ந்த கட்டையில் உண்ணி சில நாட்கள் உயிரோடு காத்திருந்து அடுத்த ஆட்டில் ஏறிக்கொள்ளும். மந்தை முழுவதையும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பதுதான் பரிகாரம். ஆஸ்திரேலியா கட்டாய முக்கலாலும், தேவைப்பட்ட இடத்தில் மந்தையையே அழித்தும் 1896இல் அந்த நோயை அடியோடு ஒழித்தது. பிரிட்டன் 1952இல் ஒழித்தது. 1973இல் அது திரும்பி வந்தது. 1992இல் கட்டாயத்தைக் கைவிட்டதும் நாடெங்கும் பரவிவிட்டது. பத்து மந்தைக்காரரில் ஒன்பது பேர் முக்கி, ஒருவர் முக்காமல் விட்டால் ஒன்பது பேரின் செலவும் வீண் என்பதை அந்த நாடு இரண்டு முறை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் நம் கதையில் மருந்து போகவேண்டிய இடம் வேறு.

இலங்கையில் செம்மறி பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டோடு நின்றுவிட்டது. நம் கரையில் ஆடு என்றால் வெள்ளாடுதான். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த வளவுகளில் நாலைந்து ஆடு கட்டி வளர்ப்பது பெரும்பாலும் பெண்களின் சிறுவாட்டுப் பொருளாதாரம். உம்மாமாரின் கையில் அவசரத்துக்குக் காசாக மாறுவது நகைக்கு அடுத்தபடி ஆடுதான். மேற்கே சம்மாந்துறைப் பக்கம் போனால் மந்தை பெரிது, மேய்ச்சல் பரந்தது. ஆடு வைத்திருப்பவர் எவராக இருந்தாலும் மாரி முடிகிற காலத்தில் ஒரு பயம் இருக்கிறது.

நேற்றுவரை துள்ளித் திரிந்த கிடாய் காலையில் எழும்பும்போது பின்பக்கம் ஆடுகிறது. பின்னங்கால் குளம்பு தரையில் இழுபடுகிறது. இரண்டு எட்டு வைத்ததும் இடுப்புச் சரிகிறது. சில ஆடுகளுக்குக் கழுத்து ஒருபக்கம் திரும்பிவிடும். சில வட்டமாகச் சுற்றும். ஆனால் கண் தெளிவாக இருக்கும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. குழையை நீட்டினால் ஆசையோடு தின்னும், அசைபோடும். வளர்த்தவரை வதைப்பது இதுதான். வயிறு ஊதிச் சாகிற ஆட்டைப் பார்த்தால் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். இது அப்படியல்ல, முன்பாதி முழு ஆரோக்கியத்தோடு கத்தும், பின்பாதி செத்துக் கிடக்கும். கிடந்த இடத்திலேயே கிடந்து விலாவில் புண் வைத்து, கடைசியில் அறுக்கவோ புதைக்கவோ நேரும்.

யாரோ அடித்தார்கள், பாம்பு தீண்டிற்று, ஈரத்தில் படுத்துக் குளிர் ஏறிற்று, கண்ணூறு பட்டது என்று ஊரில் காரணங்கள் சொல்லப்பட்டன. படித்தவர்கள் சொன்ன காரணங்கள் இதைவிட மேலானவை என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் படைக்குதிரைகளும் வண்டிக்குதிரைகளும் இதேபோல இடுப்பு விழுந்தன. அதற்குக் கும்ரி என்று பெயர். இராணுவ மிருக வைத்தியர்கள் அதற்கு வெப்பத்தையும் ஈரத்தையும் தீனியையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரையின் பக்கத்து லாயத்தில் கட்டியிருந்த மாட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது இறைச்சிக்கடைக்காரர்களுக்கு எக்காலமும் தெரியும். மாட்டையோ எருமையையோ அறுத்து வயிற்றைத் திறந்தால், குடலுக்கு வெளியே, வயிற்றுச் சவ்வின் மேல் விரல் நீளத்தில் வெள்ளை நூல் போல் சில புழுக்கள் நெளியும். மாட்டுக்கு அவற்றால் ஒரு கெடுதியும் தெரிவதில்லை. இறைச்சிக்கும் பழுதில்லை. தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஜெர்மன் புழுவியலாளர் ஒட்டோ ஃபொன் லின்ஸ்டோ 1906இல் இந்தப் புழுவை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு கொழும்பு அரும்பொருட்சாலையில் சேர்த்து வைத்திருந்த புழுக்களைப் பற்றியும் அவர் ஸ்பொலியா சைலானிக்கா இதழில் எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து ரயே, ஆன்ரி என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் அதைச் செட்டேரியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். செட்டேரியா டிஜிட்டாட்டா என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்தது. பெயர் வைத்தாயிற்று, படம் வரைந்தாயிற்று. மாட்டுக்குத் தீங்கு செய்யாத புழு என்பதால் அதைப் போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டார்கள். ஆட்டின் முதுகுத்தண்டுக்கும் அந்தப் போத்தலுக்கும் தொடர்பு இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய இடம் ஜப்பான். கம்பளிக்கும் பாலுக்குமாக அந்த நாட்டு விவசாயிகள் வீட்டுக்கு ஒன்றிரண்டாகச் செம்மறியும் ஆடும் வளர்த்தார்கள். போருக்குப் பிந்திய 1950களில் அங்கே செம்மறித் தொகை ஏறத்தாழப் பத்து இலட்சத்தை எட்டிற்று. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் வாரங்களில் அவை கூட்டம் கூட்டமாக இடுப்பு விழுந்தன. குதிரைகளும் விழுந்தன. முதலில் வைரஸ் என்று சந்தேகித்தார்கள். அது இயல்பான சந்தேகம். ஜப்பானில் அதே கோடையில்தான் மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வருவது வழக்கம். ஆனால் செத்த விலங்குகளின் மூளையையும் முதுகுத்தண்டையும் மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது வைரஸ் நோயில் காணாத ஒன்று தெரிந்தது. நரம்புத் திசுவுக்குள் ஒழுங்கில்லாமல் ஒரு தடம் ஓடியது. தடத்தின் இரு கரையிலும் திசு அழுகியிருந்தது. ஏதோ ஒன்று உள்ளே நடந்து போயிருக்கிறது. சில சீவல்களில் நடந்து போனதே அகப்பட்டது: முழுவளர்ச்சி அடையாத செட்டேரியாப் புழு.

இந்தக் கதையில் மூன்று பேரை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஜே. ஆர். எம். இன்னஸ், பிரிட்டிஷ் நோய்க்கூற்றியலாளர். இவர் ஏற்கெனவே 1940இல் ஷியரர் என்பவரோடு சேர்ந்து, இங்கிலாந்தின் செம்மறிக் குட்டிகளின் பின்னங்கால் தளர்ச்சியைப் பற்றி எழுதியவர். அந்த நோய்க்குக் காரணம் தாயாட்டின் உடலில் செம்புச்சத்துக் குறைவது. ஒரே மாதிரி விழுகிற கால்களுக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பது அவருக்குக் கைவந்த பாடம். அடுத்தவர் ஜப்பானியரான சூசோ ஷோஹோ. மூன்றாவது பெயர் தமிழ்ப் பெயர்: சி. பெருமாள்பிள்ளை. 1952இல் பிரிட்டிஷ் மிருக வைத்திய இதழில் இந்த மூவரும் சேர்ந்து, மூளையிலும் தண்டுவடத்திலும் புழு புகுவதால் மந்தைகளில் கொள்ளைநோய் போல் வரும் இந்த நோயை விரிவாக விளக்கினார்கள். அதே ஆண்டு இன்னஸும் ஷோஹோவும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதி, மனித நரம்பு வைத்தியர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். 1954இல் இத்தகாக்கி, தனிகுச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் செம்மறி, ஆடு, குதிரை மூன்றிலும் குற்றவாளி செட்டேரியாதான் என்பதை உறுதிசெய்தார்கள்.

என்றாலும் ஒரு ஓட்டை இருந்தது. செத்த ஆட்டில் புழு இருந்தது என்றால் அந்தப் புழுதான் கொன்றது என்று ஆகிவிடுமா? நோயில்லாத ஆட்டுக்குப் புழுவைக் கொடுத்து, நோய் வருவதைக் கண்ணால் காண வேண்டும். ஷோஹோ இலங்கை ஆடுகளைப் பற்றி ஆய்வு செய்து, 1950களின் பிற்பகுதியில் இலங்கை மிருக வைத்திய இதழில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். அந்தத் தொடரின் ஏழாவது கட்டுரையை வி. கே. நாயரோடு சேர்ந்து 1960இல் வெளியிட்டார். தொற்றும் பருவத்தை அடைந்த செட்டேரியாக் குடம்பிகளை ஆடுகளுக்குச் செலுத்தி, அந்த ஆடுகளுக்கு அதே நோய் வருவதைச் செய்து காட்டிய கட்டுரை அது. வழக்கு அங்கே முடிந்தது. மலேரியா, யானைக்கால் பற்றிய நம் பள்ளிப் புத்தகங்களில் வெளிநாட்டார் பெயர்களைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். இலங்கை ஆடுகளில் நடந்த இந்த நிரூபணம் விவசாயப் பாடநூலில் ஒரு வரியாவது பெற வேண்டியது.

இனி அந்தப் புழுவின் வழி. மாட்டின் வயிற்றறையில் வாழும் பெண் புழு முட்டையிடுவதில்லை. நுண்ணிய குஞ்சுகளை ஈனுகிறது. அவை மாட்டின் இரத்தத்தில் சேர்ந்து ஓடுகின்றன. நுளம்பு மாட்டைக் குடிக்கும்போது இரத்தத்தோடு அவற்றையும் குடிக்கிறது. நுளம்பின் உடலுக்குள் ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்ந்து, அவை அதன் வாய்ப்பகுதிக்கு வந்து காத்திருக்கின்றன. அந்த நுளம்பு மறுபடி மாட்டைக் கடித்தால் குடம்பி மாட்டின் வயிற்றறைக்குப் போய்ச் சேர்ந்து, மாதக்கணக்கில் வளர்ந்து, தாயாகிறது. வட்டம் முழுமையாகிறது. அந்த நுளம்பு ஆட்டையோ செம்மறியையோ குதிரையையோ கடித்துவிட்டால்தான் வினை. குடம்பிக்கு அந்த உடலில் வழி தெரியாது. அலைந்து திரிந்து தண்டுவடத்துக்குள்ளோ மூளைக்குள்ளோ புகுந்துவிடுகிறது. ஒன்றிரண்டு குடம்பிகள் போதும். அவை அங்கே முழுப்புழுவாகி இரத்தத்தில் குஞ்சு விடுவதில்லை, அங்கேயே முடிந்துபோகின்றன. ஆகவே நோயாளி ஆட்டைக் கடிக்கும் நுளம்பு எதையும் எடுத்துப் போவதில்லை. ஆட்டுக்கு இது முட்டுச்சந்து. மாட்டுக்கு இது நெடுஞ்சாலை.

அம்பாறைக் கரையோரத்துக்கு இந்த வழி எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் எழும்பிய பிறகு, முன்னர் வானம் பார்த்த வட்டைகளுக்கும் வாய்க்கால் தண்ணீர் வந்தது. பெரும்போகத்துக்கு மேல் சிறுபோகமும் செழித்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நெல்லால் உயர்ந்த மாவட்டம் இது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீர் நின்ற வயலில் கியூலெக்ஸ் நுளம்பு பெருகும். வீட்டு மலசலக் குழியிலும் அழுக்குத் தேங்கிய கானிலும் ஆர்மிஜெரிஸ் பெருகும். இரண்டும் மாட்டுக் கொட்டிலை நாடி வருகிறவை, இரண்டு இனமும் செட்டேரியாவைச் சுமக்க வல்லவை. வயல் ஒரு பக்கம், நெரிசலான பட்டினம் மறுபக்கம், நடுவே மாடும் ஆடும்.

மாடு எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. முன்னாளில் விதைப்புக் காலம் வந்தால் பட்டியை மேற்கே காட்டோரத்து மேய்ச்சலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் கீழே இறக்குவார்கள். மாரியில், அதாவது நுளம்பு மிகுந்த காலத்தில், மாடு ஓரிடத்தில், ஆடு வேறிடத்தில் இருந்தன. யாரும் நோயை நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை, பயிரைக் காக்கச் செய்ததுதான். ஆனால் அதன் நிழலில் ஆடும் பிழைத்திருக்கும். இன்று மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்டன. வட்டமடு மேய்ச்சல் தரையைப் பற்றிய பிணக்கு எத்தனை ஆண்டுகளாக நீள்கிறது என்பது பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரியும். போக இடமில்லாத மாடு மாரியிலும் ஊரோரம் நிற்கிறது. மேய்ச்சல் தரையைக் காப்பது பாலுக்கும் தயிருக்கும் மட்டுமான கோரிக்கை என்று நினைக்கிறோம். கடற்கரை வளவில் இரண்டு ஆடு கட்டியிருக்கும் ஒரு விதவைக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த நோய் நம் ஊர்களில் ஏற்படுத்தும் நட்டத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. உழ்ஹிய்யாவுக்குக் கொடுக்கும் பிராணியில் வெளிப்படையான முடம் இருக்கக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். ஷாபிஈ மத்ஹபில், நாம் பின்பற்றுவது அதுதான், செம்மறிக்கு ஒரு வயது நிறைந்தால் போதும். வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளை நம்பிக் கிடாய் வளர்ப்பவர் அதை இரண்டு மாரிக்குள்ளால் கொண்டுவந்து கரை சேர்க்க வேண்டும். இரண்டு நுளம்புக் காலம். இரண்டாவது மாரியில் கால் இழுத்துவிட்டால், இரண்டு ஆண்டுத் தீனியும் உழைப்பும் ஒரே இரவில் இறைச்சி விலைக்கு இறங்கிவிடுகிறது. கறிக்கு வளர்க்கும் ஆட்டை ஒரு வயதுக்குள் விற்றுவிடலாம், ஆபத்து அரைவாசியாகிறது. நல்ல விலைக்குப் போகவேண்டிய ஆட்டுக்குத்தான் ஆபத்து இரட்டிப்பு.

மருந்தின் கதை நம்பிக்கை தருவது. 1947இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தார் டைஎதில்கார்பமசின் என்ற மருந்தை நூல்புழுக்களுக்கு எதிராகக் கண்டறிந்தார்கள். மனிதரின் யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை அதுதான். ஷோஹோ அதை மந்தைகளில் சோதித்து 1952இலும் 1954இலும் முடிவுகளை வெளியிட்டார். நோய் வந்தபின் கொடுப்பதோடு நிற்காமல், நோய்க்காலம் தொடங்கும் முன்பே கொடுத்துத் தடுப்பதையும் அவர் சோதித்தார். பின்னர் லெவமிசோல் வந்தது. ஜப்பானின் மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்து 1981இல் மிருக வைத்தியத்துக்கு வந்தது. அதற்காக அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்துகள் இருக்கின்றன. ஆனால் எந்த மருந்தும் புழுவைத்தான் கொல்லும், அறுந்த நரம்பை ஒட்டவைக்காது. கால் இழுபடத் தொடங்கிய முதல் நாளே மிருக வைத்தியரிடம் போனால் ஆடு எழும்ப வாய்ப்பு உண்டு. எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, ஒரு கிழமை பார்த்துவிட்டுப் போனால் அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். தடுமாறுகிற ஆடு எல்லாம் செட்டேரியா ஆடு என்று எண்ணிவிடக் கூடாது. விசர்நாய் கடித்த ஆட்டுக்கும் பின்னங்கால் தளரும். எச்சில் வடிகிற, குரல் மாறிய, விழுங்க முடியாத ஆட்டின் வாய்க்குள் கை விட்டு மருந்து புகட்டவே கூடாது. உயிரோடு இருக்கும் ஆட்டில் இந்த நோயை உறுதிசெய்வது எளிதல்ல. புழு இருப்பது தண்டுவடத்தில், இரத்தத்தில் குஞ்சு இல்லை, சாணத்தில் முட்டை இல்லை. இதனால்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஜேசுந்தர, சந்திரசேகரன், கருணாநாயக்க ஆகியோர் செட்டேரியாவின் டீஎன்ஏவை நுட்பமாக அடையாளம் காணும் பீசீஆர் சோதனையை உருவாக்கி 1999இல் வெளியிட்டது பெரிய காரியம். 2010இல் பேராதனை ஆய்வாளர்களும் ஜப்பானியரும் சேர்ந்து அதன் இழைமணி மரபுத்தொகுதியை முழுதாகப் படித்தார்கள். ஷோஹோ தொடங்கிய ஜப்பான்–இலங்கை உறவு அரை நூற்றாண்டு கழித்தும் அதே புழுவின் மேல் தொடர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆட்டுக்காரர் தன் ஆட்டை மட்டும் பார்த்து இந்த நோயை வெல்ல முடியாது. மாட்டின் இரத்தத்தில் குஞ்சுகள் ஓடும்வரை நுளம்புக்குச் சரக்கு கிடைத்துக்கொண்டே இருக்கும். யானைக்கால் நோயில் இந்த நாடு என்ன செய்தது என்று பாருங்கள். 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில், நோயுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், ஆண்டுக்கு ஒரு முறை எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அதில் டைஎதில்கார்பமசினும் ஒன்று. நோயே இல்லாத இலட்சக்கணக்கானோர், தம் அயலவர் கால் வீங்காதிருக்க அந்த மாத்திரையை விழுங்கினார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாகச் சான்று வழங்கியது. ஆட்டு விஷயத்தில் அந்த மாத்திரை போகவேண்டிய வாய் மாட்டின் வாய். அங்கேதான் சிக்கல். மாட்டுக்கு நோய் இல்லை. மாட்டுக்காரருக்கு நட்டம் இல்லை. பிறத்தியார் ஆட்டுக்காக அவர் ஏன் காசு செலவழித்து மாட்டைப் பிடித்துக் கட்டி மருந்து போட வேண்டும்? போட்டாலும் ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் பால் மனிதப் பாவனைக்கு ஆகாது. முட்டித் தயிர் விற்றுப் பிழைக்கும் குடும்பத்திடம் அதைக் கேட்பது நியாயமில்லை. அவர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுக்க வேண்டும்.

அந்தக் காரணம் இருக்கிறது. பால் வற்றிய பசு, நாம்பன், கன்று இவற்றுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது மாட்டுக்கே நல்லது. எடை கூடும், கன்று தேறும். அந்த மருந்தை எப்போது கொடுப்பது என்பதில்தான் ஊர் கூடிப் பேச வேண்டும். புரட்டாசியில், முதல் மழைக்கு முன், எந்த மாட்டுக்கு எந்த மருந்து என்று மிருக வைத்தியரைக் கேட்டு, ஒரு வட்டையைச் சேர்ந்த பட்டிகள் எல்லாம் ஒரே கிழமையில் செய்தால், மாட்டுக்கு ஆகும் செலவிலேயே ஆட்டுக்கும் காவல் கிடைக்கும். வட்டையில் எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, எந்தத் திகதிக்குப் பிறகு மாடு உள்ளே வரக் கூடாது என்று போகத்துக்குப் போகம் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் இன்னொரு வரி எழுத இடம் இல்லாமலா போகும்? மருந்துச் செலவில் ஒரு பங்கை ஆட்டுக்காரர் ஏற்பதும் முறைதான், பலன் அவருக்குத்தானே.

ஆட்டுக்காரர் தன் பங்குக்குச் செய்யக்கூடியவை எளியவை. ஆட்டுக் கொட்டிலை மாட்டுக் கொட்டிலிலிருந்து எட்டத்தில் வைப்பது. தரையிலிருந்து உயர்த்திப் பரண் போட்டுக் கட்டுவது. மஃரிப் நேரத்தில் வேப்பிலைப் புகை போடுவது. முடிந்தால் நுளம்பு வலை அடிப்பது. வளவில் சிரட்டை, மட்டை, கான் எதிலும் தண்ணீர் தேங்கவிடாமல் பார்ப்பது. டெங்குவுக்காகப் பிரதேச சபையும் மாநகர சபையும் எப்படியும் சொல்லிக்கொண்டிருக்கும் வேலைகளில் பாதி இவை. நல்ல கிடாய்களுக்கு மாரி தொடங்கும்போதே தடுப்பு மருந்து கொடுக்கலாமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஆட்டை நிறுத்துப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். கண்மதிப்பில் மாட்டு மருந்தை ஆட்டுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது ஆபத்து.

பெருநாள் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவில் குறைவு என்பதால் ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. இப்போது அது மே மாதத்தை ஒட்டி வருகிறது. மாரியில் விழுந்த ஆட்டுக்கும் பெருநாளுக்கும் இடையில் சில மாத அவகாசம் கிடைக்கிறது, ஈடாக வேறொன்று வாங்கலாம். 2034இல் அது மார்ச் தொடக்கத்திலும், 2035, 2036இல் பெப்ரவரியிலும் வரும். மாரி ஓய்ந்து கால்கள் இழுபடத் தொடங்கும் அதே வாரங்கள். 2035 பெருநாளுக்கு இரண்டு வயது நிறையவேண்டிய கிடாய்கள் 2033 தொடக்கத்துக்குள் பிறந்திருக்க வேண்டும். அவற்றைச் சுமக்கப்போகும் மறிகள் இனித்தான் பிறக்கும். வட்டைக் கூட்டங்களுக்கு அதற்குள் ஏழெட்டுப் புரட்டாசிகள் இருக்கின்றன.